மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாள்

ஜனவரி 11

அடியே டிகிரி,

நல்லா இருக்கியா? ஒழுங்கா சாப்பிடறியா, இல்ல ரெண்டு பிஸ்கட்டைக் கடிச்சுட்டு சாப்பிட்டேன்னு சொல்றியா? உறையைத் தொட்டுப் பார்த்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும், உள்ள வேற தாள் இருக்குன்னு. ஆமா, இருக்கு. உன் அக்கா என்னைக்கு சும்மா லெட்டர் போட்டிருக்கா?

தலைவலிடி. பாக்டரியில அயர்ன் டேபிள்ல நின்னா காலைல பதினோரு மணிக்கு ஆரம்பிக்கும். நெத்தியைச் சுத்தி ஈரத்துணியை முறுக்கிக் கட்டி, பின்னாடி யாரோ நின்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இழுக்கிற மாதிரி. கழுத்து பலகை ஆயிடுது. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. குனிஞ்ச தலை நிமிர முடியாது, நிமிர்ந்தா எங்க சூப்பர்வைசரம்மா விசில் ஊதுவா. அவளுக்குப் பேரே விசில்தான். வீட்டுலயும் புருஷனை விசிலடிச்சுத்தான் கூப்பிடுவாளோ என்னவோ.

மாமா பிடிவாதமா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். டாக்டர் கண்ணுல டார்ச் அடிச்சார், கழுத்தை அமுக்கினார், டென்ஷன் தலைவலின்னார். என்னம்மா டென்ஷன்னு வேற கேட்டார். உங்க சட்டைக் காலர் மடங்கிக் கிடக்கிறதைப் பார்த்தாலே எனக்கு டென்ஷன்தான் டாக்டர்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிட்டேன். அப்புறம் வாரம், நாள்னு ஏதோ சொன்னார். அதுக்குள்ள அடுத்த ஆள் கதவைத் திறந்துட்டான். நானும் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

மாத்திரைப் பெட்டிக்குள்ள இந்தத் தாள் இருந்துச்சு. பிரிச்சா பாய் மாதிரி விரியுது. பூரா இங்கிலீஷ், எறும்பு எழுத்து. போன்ல படம் எடுத்தா புழுவா நெளியுது. அதான் தாளையே அனுப்பறேன். வாடகைப் பத்திரம், மிக்ஸி கேரண்டி, மாமா லைசென்ஸ்னு எல்லாத்தையும் நீதானே படிச்சுச் சொன்ன. இதையும் சொல்லு. போன்ல சொல்லாத, மறந்துடுவேன். பெருசா எழுதி அனுப்பு, அலமாரிக் கதவுல ஒட்டிக்கிறேன்.

உன் பட்டமளிப்பு போட்டோவுக்கு மாமா புது பிரேம் போட்டார். நீ போட்டிருக்கிறது இல்ல, நான் உன் அங்கியை ஒரு நிமிஷம் மாட்டிக்கிட்டு எடுத்தோமே, அது. வர்றவங்க எல்லாம் நீங்களும் படிச்சிருக்கீங்களான்னு கேட்கிறாங்க. நான் மறுக்கிறதில்ல.

அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்கா,

தாள் கிடைத்தது. முழுவதும் படித்துவிட்டேன். நீ கேட்டபடி தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கேயும் ஒருமுறை சொல்கிறேன். வலி வரும்போது ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் வேண்டாம். குறையவில்லை என்றால் நான்கு மணி நேரம் கழித்து இன்னொன்று. நிறையத் தண்ணீர் குடி. மற்றதெல்லாம் மருந்துக் கம்பெனிகள் வழக்கமாகப் போடும் எச்சரிக்கைகள். பயப்பட ஒன்றுமில்லை.

எனக்கு வேலை பழகிவிட்டது. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புப் பிரிவு என்றால் யாரும் யாரோடும் பேசத் தேவையில்லாத இடம். எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. மதியம் மாடிப்படி ஜன்னலருகே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பிஸ்கட் இல்லை, சாப்பாடுதான். எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. நேற்று அங்கே ஒரு சீப்பு வாங்கினேன்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 20

டிகிரி,

மாத்திரை இல்லடி அது, மந்திரம். போட்டு அரை மணி நேரத்துல பின்னாடி நின்னு இழுத்தவன் துணியை விட்டுட்டுப் போயிடறான். தலை லேசாகுது. விசில் சத்தம்கூட இனிமையா கேட்குதுன்னா பார்த்துக்கோ.

இப்பல்லாம் வலி வர்ற வரைக்கும் காத்திருக்கிறதில்ல. வரப்போகுதுன்னு கழுத்து சொல்லும், அப்பவே ஒண்ணு போட்டுடுவேன். காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு. தீர்ந்தா கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்தே தர்றார், டாக்டரைப் பார்க்கிற வேலை மிச்சம். வேலைக்கு நடுவுல வலிச்சா பாக்டரி முதலுதவிப் பெட்டியில இருக்கிற வெள்ளை மாத்திரையும் ஒண்ணு.

ஒரு கூத்து கேளு. பக்கத்து டேபிள் பொண்ணு தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பாவம்னு என் மாத்திரையில ஒண்ணு குடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே தூங்கினா. ஒரே சட்டையை ஒன்பது தடவை தேய்ச்சிருக்கா. லைனே சிரிச்சுது.

நீ எழுதின தாள் அலமாரியில அப்படியே இருக்கு. உங்க தங்கச்சி எழுத்து அச்சு மாதிரி இருக்கேன்னு கீழ்வீட்டம்மா சொன்னாங்க. பின்ன சும்மாவான்னேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஒன்பது தடவை என்ற இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். தினமும் போடுகிறாயா? தப்பு என்று சொல்லவில்லை. சும்மாதான் கேட்கிறேன். இன்னொருமுறை அந்த டாக்டரைப் பார்த்தால் நல்லது என்று தோன்றுகிறது. வசதிப்படும்போது போ. மற்றவர்களுக்குக் கொடுக்காதே.

இன்னொரு சீப்பு வாங்கினேன். ஏன் என்று கேட்காதே.

உன் தங்கை


ஜூன் 14

டிகிரி,

உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது? மாத்திரை தோத்துப் போச்சுடி. கண்ணு முழிக்கும்போதே தலைவலியோடதான் முழிக்கிறேன். முன்னெல்லாம் பதினோரு மணி. இப்ப மணியே கிடையாது. நாளைக்கு அஞ்சு, சில நாள் ஆறு. போட்டா ஒரு மணி நேரம் விடும், அப்புறம் வட்டியோட வரும்.

மாமாகிட்ட எரிஞ்சு விழறேன். அவர் ஸ்பூனால டீ கலக்குற சத்தத்துக்கு டம்ளரைப் பிடுங்கி வெச்சுட்டேன். மறுநாள்லேருந்து அவர் விரலால கலக்கிக் குடிக்கிறார். அதைப் பார்த்துட்டு உள்ள போய் அழுதேன்.

அந்தத் தாள் உன்கிட்டதானே இருக்கு? இன்னொரு தடவை பாரேன். நீ பார்க்காம விட்டிருக்க மாட்ட. இருந்தாலும் பாரு.

அக்கா


ஜூன் 18

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

ஆறு மாத்திரையா? ஒரு நாளைக்கா? யாரைக் கேட்டுச் செய்தாய்? வலி வரும்போது ஒன்று என்றுதானே எழுதினேன், வருவதற்கு முன்னால் போடு என்றா எழுதினேன்? தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போடக்கூடாது. மேலே போனால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பழக்கமாகிவிடும். அதில் தூக்க மருந்து வகை ஒன்று கலந்திருக்கிறது. உன் முதலுதவிப் பெட்டி மாத்திரையில் இருக்கும் மருந்தும் இதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரல் கெட்டுவிடும்.

உடனே நிறுத்து. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் மிச்சத்தையெல்லாம் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்று. நாளைக்கு என்று சொல்லாதே. ஒன்றுகூட இனிமேல் உன் நாக்கில் படக்கூடாது. என் மேல் சத்தியம்.

படித்துச் சொன்னால் கேட்க வேண்டாமா அக்கா?

உன் தங்கை


ஜூன் 24

டிகிரி,

கொட்டிட்டேன். சனிக்கிழமையே. மாமா பக்கத்துல நின்னு பார்த்தார்.

எழுத்து கோணலா இருக்கும், கோச்சுக்காத. கை நடுங்குது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. உட்கார்ந்த இடத்துல வேர்க்குது. நெஞ்சு ஓடிட்டே இருக்கு, யாரோ துரத்துற மாதிரி. மாமா டாக்டர்கிட்ட போலாம்ங்கிறார். போனா அந்த ஆள் திரும்பவும் அதே மாத்திரையை எழுதிக் கொடுப்பார். உன் மேல சத்தியம் போட்டிருக்க. விஷம் இறங்குறப்ப இப்படித்தான் இருக்கும்னு நானே சொல்லிக்கிறேன்.

லீவ் கேட்டேன். விசில் தரல. இன்னைக்கு வேலைக்குப் போறேன். நீ கவலைப்படாத. நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மாமாவிடம் கொடுத்துவிடுகிறாய். அவர் "அப்புறம் பேசுவா பாப்பா" என்கிறார், தினமும். அதனால் எழுதுகிறேன். படிப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

ஆஸ்பத்திரியில் நான் உள்ளே வந்ததும் நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. அந்தக் கையைத் தூக்கி வயிற்றில் வைத்துக்கொண்டு திரும்ப உனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கஷ்டப்பட்டாவது என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நீ நினைத்தாய்.

நடந்ததை மாமா சொன்னார். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வேலைக்குப் போன அன்று பத்து மணிக்கு உனக்கு வலிப்பு வந்தது. நீ டேபிள்மேல் விழுந்தாய். உன் கை அயர்ன் பாக்ஸுக்கு அடியில் போனது. நீராவிச் சத்தத்தில் யாருக்கும் முதலில் தெரியவில்லை. முதலில் ஓடி வந்து அதைத் தூக்கியது விசில்தானாம். அவள் கையும் சுட்டிருக்கிறது.

அங்கிருந்த டாக்டரம்மா என்னை நடைவழியில் நிறுத்திக் கேட்டார். "திடீர்னு நிறுத்தச் சொன்னது யாரு?" நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். மாதக்கணக்கில் தினமும் போட்ட மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தாங்காது, வலிப்பு வரும். டாக்டர் பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். "அந்தத் தாள்லயே இருக்குமேம்மா. படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் வீட்டுல இல்லையா?"

இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

அக்கா, தாளில் இருக்கிறது. நான் கத்தி எழுதினேனே, பழக்கமாகிவிடும் என்று, அதற்கு இரண்டு வரி கீழே. மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்த வேண்டாம். அன்று மேலே இருந்ததைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். அதற்குக் கீழே போகவில்லை. பயத்தைக் கோபமாக எழுதி அனுப்பினேன். கோபமாக எழுதினால் என் தப்பு அதற்குள் மறைந்துவிடும் என்று ஒரு எண்ணம் இருந்திருக்கும்.

ஜனவரியிலும் நான் முழுவதும் படிக்கவில்லை. படித்தேன், புரியவில்லை. நான் படித்தது வரலாறு. அந்தத் தாளில் பாதி வார்த்தைகள் நான் கண்ணால் பார்த்திராதவை. புரிந்த நான்கு வரிகளை அழகான கையெழுத்தில் எழுதினேன். மிச்சத்தை வழக்கமான எச்சரிக்கை என்று ஒரு வரியில் மூடினேன்.

கேட்டிருக்கலாம். கீழே மருந்துக்கடை இருந்தது. தாளைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று முறை இறங்கிப் போனேன். கடைக்காரர் "என்னம்மா வேணும்" என்பார். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். பட்டதாரி, இதுகூடப் புரியவில்லையா என்று நினைப்பார்களே என்று தாளைப் பையிலேயே விட்டுவிடுவேன். கண்ணாடிப் பெட்டியில் சீப்புகள் இருந்தன. சீப்பு என்று சொல்லிவிட்டேன். மூன்று முறையும். என் மேஜையில் மூன்று சீப்புகள் இருக்கின்றன, அக்கா. ஒரே நிறம்.

உங்கள் வீட்டுக்குத் துணி எடுக்கப் போனபோது அலமாரிக் கதவைப் பார்த்தேன். நான் எழுதிய தாள். நான்கு மூலையிலும் டேப். "வலி வரும்போது ஒரு மாத்திரை" என்ற வரிக்குக் கீழே நீ பென்சிலால் கோடு போட்டிருந்தாய். தண்ணீர் என்ற இடத்தில் ஒரு டம்ளர் படம் வரைந்திருந்தாய். எடுக்கலாம் என்று நகத்தால் டேப்பைச் சுரண்டினேன். வரவில்லை. இழுத்தால் பெயிண்ட்டோடு சேர்ந்து வந்தது. பாதியில் விட்டுவிட்டேன்.

சுவரில் போட்டோ இல்லை. மாமாவைக் கேட்டேன். அவர் சட்டையைத் தேடுகிற மாதிரி வேறு பக்கம் போய்விட்டார்.

மன்னிப்பு கேட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை எழுதினால் நீதான் எனக்கு ஏதோ கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. அதனால் நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 19

இடது கை. ரெண்டு நாளா எழுதறேன். சின்னதாத்தான் இருக்கும்.

கைப் புண் ஆறிடுச்சு. விரல் மூணு மடங்காது. அயர்ன் வேலை இல்ல. சட்டைக்கு நூல் பிசிறு வெட்டச் சொல்லியிருக்காங்க, உட்கார்ந்து. விசில்தான் பேசி வாங்கிக் குடுத்தா. உள்ளங்கையில கட்டோட வந்து நின்னா. அவ பேசி இப்பத்தான் கேட்கிறேன், குரல் நல்லாத்தான் இருக்கு.

மாத்திரையை டாக்டரம்மா அவங்க கணக்குல இறக்கினாங்க. முழுசு, முக்கால், பாதி, கால்னு. போன வாரத்தோட நின்னுச்சு. தலைவலி இப்பவும் வருது. வாரத்துக்கு ரெண்டு தடவை. வந்தா படுத்துக்கிறேன்.

நீ எழுதினதைப் படிச்சேன். மாமா ரெண்டு தடவை படிச்சார்.

மாத்திரை தின்னது நான். ஆறு தின்னதும் நான். அதுக்கு உன்னைச் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு கேளு. உனக்கு எல்லாம் தெரியும்னு நான் தாளை அனுப்பல. எனக்கு அவ்வளவு கூறு இல்லாமலா போச்சு, வரலாறு படிச்ச பொண்ணுக்கு மருந்து எப்படித் தெரியும்? வெளியில யாரைக் கேட்டாலும் தெரியலன்னா சொல்ல மாட்டாங்க, எதையாவது சொல்லி அனுப்பிடுவாங்க. நீ என்கிட்ட அப்படிச் செய்ய மாட்டேன்னு நினைச்சேன். அதுக்குத்தான் அனுப்பினேன், வாடகைப் பத்திரத்துலேருந்து எல்லாத்தையும்.

போட்டோவை நான் இறக்கல. ஆணி விழுந்துச்சு. திரும்ப மாட்டவும் இல்ல.

டாக்டரம்மா குடுத்த புதுத் தாளை நர்ஸே உட்கார்ந்து படிச்சுச் சொல்லிட்டாங்க. அதனால இந்த உறையில வேற தாள் எதுவும் இல்ல. தேடாத.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்கா,

தேடினேன். நீ தேடாதே என்று எழுதியிருந்த வரிக்கு வருவதற்கு முன்பே உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டேன். பழக்கம். இவ்வளவு லேசான உறை உன்னிடமிருந்து எனக்கு வந்ததே இல்லை.

இன்று மதியம் கீழே போனேன். கடையில் ஐந்து பேர். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே சீப்புப் பெட்டியைத் திறந்தார். வேண்டாம் என்றேன். பழைய தாளைக் கண்ணாடிமேல் விரித்து வைத்து, "எனக்கு இது புரியல, படிச்சுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்னம்மா?" என்றார். மறுபடி சொன்னேன். பின்னால் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா, "எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க" என்று பக்கத்தில் வந்து நின்றார்.

அவர் வரி வரியாகச் சொன்னார். எந்த மருந்தோடு சேர்க்கக்கூடாது, ஏன் வண்டி ஓட்டக்கூடாது, ஏன் ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. ஆறு நிமிடம் ஆனது, சுவரில் கடிகாரம் இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்து நின்றார். "இது எனக்கே சரியா தெரியலம்மா. டாக்டரைத்தான் கேட்கணும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். அவர் முகம் மாறவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

மேலே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடவில்லை. பிஸ்கட்டும் சாப்பிடவில்லை.

இந்தக் கடிதத்தோடு என் முகவரி எழுதிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். இடது கையால் முகவரியும் எழுதுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. உள்ளே எதுவும் வைக்க வேண்டியதில்லை. காலியாக ஒட்டிப் போட்டாலும் போதும்.

அனுப்புவாயா, மாட்டாயா, அந்தப் போட்டோ திரும்ப அந்தச் சுவருக்கு வருமா என்று மாமாவைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கும் தெரியாது, அக்கா.

உன் தங்கை